மஞ்சக்குப்பம் வீட்டில் குடியிருந்தவர்

விளம்பரத்தை எழுதியவன் நான். இணையத்தில் ஏற்றியது என் மகன். "கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலிருந்து நடக்கும் தூரத்தில், இரண்டாவது மாடியில், சிங்கிள் பெட்ரூம் அபார்ட்மெண்ட் விற்பனைக்கு. கலெக்டர் ஆபீஸ், பஸ் ஸ்டாப், மார்க்கெட் எல்லாம் பக்கம். நல்ல காற்றோட்டம். உடனே குடியேறலாம்." கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். ஒரு வரிக்கு நாலு தடவை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். மற்றதெல்லாம் சரிதான், அந்த "உடனே குடியேறலாம்" மட்டும் பொய். அந்த வீட்டில் பன்னிரண்டு வருஷமாக என் அக்கா குடியிருந்தாள்.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். கல்யாணமாகி ஐந்தாவது வருஷம் ஒரு தகரப் பெட்டியோடு அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை, அவள் கன்னத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. அண்ணாகிராமம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். கடலூரிலிருந்து காலை பஸ்ஸில் போய், பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பி வருவாள். சீசனில் அவள் கைப்பையைத் திறந்தால் பலாச்சுளை வாசனை அடிக்கும். வாய் ஜாஸ்தி. ஹெட்மாஸ்டர் முதல் கண்டக்டர் வரை யாரையும் விடமாட்டாள். ரிட்டயர் ஆன பிறகும் சும்மா உட்காரவில்லை, மஞ்சக்குப்பத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் கட்டைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போனாள்.

எங்கள் அம்மா உடம்பு முடியாமல் கிடந்தபோது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவளுக்குன்னு ஒரு கதவு வேணும்டா. உள்ள போயி தாப்பா போட்டுக்கினா ஒருத்தரும் ஏன்னு கேக்கக் கூடாது." அம்மா போன மறு வருஷம் பேங்க் லோன் போட்டு நான் அந்த ஃபிளாட்டை வாங்கினேன். சிதம்பரத்தில் எனக்கு வீடு இருந்தது, பள்ளிக்கூடமும் அங்கேதான். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கடலூரில் போய் எவனாவது சிங்கிள் பெட்ரூம் வாங்குவானா, ஒரு விருந்தாளி வந்தால் எங்கே படுப்பான் என்றார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "விருந்தாளி வரக் கூடாதுன்னுதான்யா வாங்கறேன்" என்று கத்தினேன்.

பால் காய்ச்சிய அன்று அடுப்பைப் பற்றவைத்தது என் மனைவி. புருஷனோடு வாழ்கிற பொம்பளைதான் பற்றவைக்க வேண்டுமாம், வந்திருந்த பெரியவர்கள் சொன்னார்கள். அங்கே குடியிருக்கப் போகிறவள் ஹாலில் உட்கார்ந்து டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது உறுத்தியது. அந்த உறுத்தலை மறைக்கத்தானோ என்னவோ, எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன், "இது எங்க அக்கா வூடு. எம் பேரு சும்மா பத்திரத்துக்கு." பெரிய மனுஷன்! அக்கா துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு என்ன நடந்தது என்றால், என் மகனுக்குப் பெண் நிச்சயமானது. அவனுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை, எங்களோடுதான் இருக்கப் போகிறான். சிதம்பரம் வீடு ஒரே தளம். பேச்சுவாக்கில் சம்பந்தி கேட்டார், "மாடி எடுக்கற ஐடியா இருக்குங்களா?" தப்பான கேள்வி இல்லை. "பாக்கலாம்" என்று சொல்லியிருக்கலாம். நான்தான், என்னவோ மேஸ்திரியைக் கையோடு கூட்டிவந்தவன் மாதிரி, "கல்யாணத்துக்குள்ள மாடி ரெடியாயிடுங்க" என்று சொல்லிவிட்டேன். ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற நாலு பேர் நம்மைத் தலை நிமிர்ந்து பார்ப்பதற்காக வாயைக் கொடுப்பது எனக்குப் பழக்கம். கொடுத்த வார்த்தைக்குக் காசு வேண்டும். கையில் இருந்ததெல்லாம் மஞ்சக்குப்பம் ஃபிளாட்தான்.

இதில் மனைவி மேல் பழியைப் போடுவதற்கு வழியே இல்லை. நானும் முயன்று பார்த்துவிட்டேன். "உங்க அக்காகிட்ட மொதல்ல கேக்க வேணாமாங்க?" என்று அவள்தான் கேட்டாள். "பையன் மாடிக்குப் போனா அவன் ரூம் காலி. அக்கா இங்க வந்து நம்ம கூட இருக்கட்டும். தனியா கெடக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நியாயமாகப் பட்டது. மகனின் அறை ஹாலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் இருக்கிறது. எல்லாரும் அதற்குள் புகுந்துதான் பாத்ரூம் போவோம். அதை நான் அப்போது நினைக்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். நினைத்தேன், தள்ளிவிட்டேன்.

அக்காவிடம் சொல்லப் போன அன்று அவள் மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"என்னடா, வந்ததுலேர்ந்து ஃபேனையே பாக்கற? அது நல்லாத்தான் ஓடுது. விஷயத்தச் சொல்லு."

சொன்னேன். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். குழாயை மூடிவிட்டு அங்கிருந்தே கேட்டாள்.

"நான் எங்கடா இருக்கறது?"

"நம்ம வூட்டுலதான்க்கா."

"நம்ம வூடா?" என்று சிரித்தாள். "ஹாஸ்டல் வேலைக்கு தெனம் சிதம்பரத்துலேர்ந்து வரச் சொல்றியா?"

"அத வுட்டுடுக்கா. இன்னும் எத்தன நாளைக்கு ஒழைப்ப?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "உம் பேர்ல இருக்கற வூடு. விக்கறதுன்னா வித்துக்கோ. நான் குறுக்க நிக்கல. ஆனா ஒழைக்காதன்னு மட்டும் சொல்லாத, எனக்குக் கெட்ட கோபம் வரும்." அவ்வளவுதான். அவள் ஒரு பாட்டம் திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், வீட்டை விற்காமல் கூட விட்டிருப்பேன். இப்படிச் சொல்லிவிட்டு எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள். வாங்கிக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது. அந்த லேசை நினைத்தால் இப்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

படம் எடுக்க மகனோடு போனேன். ஆள் இல்லாமல் எடுத்தால்தான் வீடு பெரிதாகத் தெரியும் என்று அவன் எங்கேயோ படித்திருந்தான். "அத்த, கொஞ்சம் கிச்சனுக்குப் போங்க" என்று ஹாலை எடுத்தான். கிச்சனை எடுக்கும்போது அவள் பெட்ரூமுக்குப் போனாள். பெட்ரூமை எடுக்கும்போது பால்கனிக்குப் போனாள். பால்கனிக்கு வந்தபோது அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏண்டா, ஒத்த ரூம் வூட்டுல ஒரு பொம்பள எங்கதான் ஒளியறது? சொல்லித் தொலைங்க, கீழ எறங்கி ரோட்டுல நின்னுக்கறேன்."

மூவரும் சிரித்தோம். அப்புறம் நிஜமாகவே கீழே போய் நின்றாள்.

முதலில் வந்த பார்ட்டி அக்காவிடம், "வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க?" என்று கேட்டது. "எங்கியோ இருக்காரு. நல்லா இருக்கட்டும்" என்றாள் அக்கா. கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். இரண்டாவது வந்தவர்கள் கீழ் வீட்டில் விசாரித்துவிட்டு மேலே ஏறாமலேயே திரும்பினார்கள். அப்போதுதான், ஆள் பிடித்துத் தர நான் சொல்லிவைத்திருந்த புரோக்கர் என்னை டீக்கடைக்குக் கூட்டிப் போனான். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை வியாபாரம் பார்த்துவிட்டு நில பிசினஸுக்கு வந்தவன். உறவும் கிடையாது ஒன்றும் கிடையாது, வாய்க்கு வாய் என்னை மாமா என்பான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. சிங்கிள் பெட்ரூம் யாரு வாங்குவா? புதுசா கண்ணாலம் ஆன புள்ளைங்க. இல்லன்னா அதுங்க அப்பா அம்மா வாங்கித் தருவாங்க. அவுங்க தண்ணி எப்படின்னு கேக்க மாட்டாங்க, பத்திரம் எப்படின்னு கேக்க மாட்டாங்க. நல்லா வாழ்ந்த வூடான்னுதான் மொதல்ல கேப்பாங்க. நீங்க அக்கான்னு சொன்னீங்கன்னா, ஏன் தனியா இருக்காங்க, புருஷன் எங்கன்னு நோண்டுவாங்க. வாழாவெட்டி இருந்த வூட்டுல எம் பொண்ணு குடித்தனம் ஆரம்பிக்கணுமான்னு போயிடுவாங்க."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. டீ கிளாஸைப் பெஞ்சில் அடித்துத்தான் வைத்தேன். "யாரப் பாத்து என்னடா சொல்ற?"

"நான் சொல்லல மாமா, ஊரு சொல்லுது. வாடகைக்கு இருக்காங்கன்னு சொல்லிட்டுப் போங்களேன். வாடகைக்கு இருக்கறவங்கள எவன் நோண்டப் போறான்?"

"அதெல்லாம் என்னால முடியாது" என்று எழுந்து வந்தேன். முடியாது என்று சொன்னதை அவன் கேட்டான், டீக்கடைக்காரர் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அதையே செய்தேன்.

அன்று வந்தவர்கள் சிதம்பரத்துக்காரர்கள். நடராஜர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒன்றில் மூன்று தலைமுறையாக இருப்பவர்களாம். அந்த அம்மாள்தான் பேசினார். கணவர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடவே மகள், கழுத்தில் மஞ்சள் கயிறு புதுசு மாறாமல். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆபீஸில் அவளுக்கு வேலை, மாப்பிள்ளைக்கும் பக்கத்தில்தான். பெண்ணுக்கு வீடு பிடித்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது. பால்கனியில் நின்று எந்தப் பக்கம் கொடி கட்டலாம் என்று அளந்துகொண்டிருந்தாள்.

அக்கா உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் எதையும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. சொல்ல எந்த வாயால் முடியும்?

"நல்லா வாழ்ந்த வீடுதானே சார்?" என்று கேட்டார் அந்த அம்மாள். புரோக்கர் என்னைப் பார்த்தான். "உள்ள இருக்கறது யாரு? உங்க வீட்டுக்காரம்மாவா?"

அக்கா காபித் தட்டோடு சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள். எங்கள் இருவருக்கும் நடுவில் நாலடி தூரம்கூட இருக்காது. சிங்கிள் பெட்ரூம் வீட்டில் தூரம் ஏது?

"இல்லீங்க. அவுங்க வாடகைக்கு இருக்காங்க."

சொல்லி முடித்ததும் என் காது இரண்டும் சூடாகிவிட்டது. தட்டில் டம்ளர் ஒன்று லேசாக இன்னொன்றில் இடித்த சத்தம் கேட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கேட்டுவிடுவாள், என்னடா உளறுகிறாய் என்று நாலு பேர் முன்னால் என் மானத்தை வாங்கிவிடுவாள் என்று காத்திருந்தேன். வாங்கட்டும் என்றுகூட ஒரு மூலையில் ஆசையாக இருந்தது.

"எடுத்துக்கங்கம்மா" என்று அவர்களுக்குக் கொடுத்தாள். பிறகு என் முன்னால் வந்து குனிந்தாள். "சார், எடுத்துக்கங்க சார்."

அந்த அம்மாளுக்கு ஆச்சரியம். "பரவாயில்லையே, குடியிருக்கறவங்க ஓனருக்குக் காபியெல்லாம் போட்டுத் தர்றீங்களே!"

"ஓனரு வந்தா குடுக்காம இருக்க முடியுங்களா?"

"எத்தன வருஷமா இருக்கீங்க?"

"பன்னெண்டு வருஷம்."

"அடேயப்பா. ஓனர் எப்படி? அவரு இருக்காரேன்னு பாக்காதீங்க, உள்ளதச் சொல்லுங்க."

அக்கா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "நல்ல மனுஷங்க. இத்தன வருஷத்துல ஒரு தடவ கூட வாடகைய ஏத்தல. ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கேட்டதில்ல. எப்பவாச்சும் வருவாரு, ஃபேன் ஓடுதான்னு பாத்துட்டுப் போவாரு."

"உங்களுக்குச் சொந்தக்காரங்க?"

"தம்பி ஒருத்தன் இருக்கான்."

"எந்த ஊர்ல?"

"பக்கத்துலதாங்க."

"அப்ப அவரு கூடப் போயி இருந்துக்கலாமே. எதுக்கு வாடகை தண்டம்?"

"கூப்பிட்டிருக்கான். பாக்கணும்."

டம்ளரைக் கீழே வைத்தேன். அப்போதாவது நான் சிரித்து, "அட, நாங்க அக்கா தம்பிங்க, சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்" என்று சமாளித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. புரோக்கர் என் தொடையை அழுத்தினான். அந்த அழுத்தலைக் காரணம் காட்டி நான் பேசாமல் இருந்தேன். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில், வீட்டுப்பாடம் எழுதாமல் பொய் சொன்ன பிள்ளைகளை வெயிலில் முட்டிபோட வைத்தவன் நான்.

அந்த அம்மாள் வீட்டில் என்னென்ன குறை என்று கேட்டார். அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. போர் தண்ணீர் உப்பு, குடிக்கக் கேன் வாங்க வேண்டும். கடல் காற்றுக்குப் பால்கனிக் கம்பி துரு ஏறும், வருஷத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் அடிக்க வேண்டும். பெரிய மழை பெய்தால் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் தண்ணீர் நிற்கும், மேலே ஒன்றும் ஆகாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்து, "காலையில பெட்ரூம் சன்னலத் தொறந்து வையிம்மா, மத்தியானம் வரைக்கும் ஃபேனே வேணாம்" என்றாள். ஓனர் சொல்வதைவிடக் குடியிருப்பவர் சொல்வதை நம்பலாம் என்று அந்த அம்மாள் கணவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அன்றைக்கே வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். வீட்டை விற்றது புரோக்கர் இல்லை, அக்காதான்.

"நீங்க எப்பம்மா காலி பண்ணுவீங்க?" என்று புரோக்கர் கேட்டான், ஒன்றும் தெரியாதவன் போல.

"சார் சொன்னா ஒரு மாசத்துல பண்ணிடறேன்."

எல்லாரும் இறங்கிப் போன பிறகு நான் மட்டும் நின்றேன். அக்கா காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அக்கா" என்றேன்.

"வாடகை எவ்வளவுன்னு அந்தம்மா கேட்டிருந்தா என்னடா சொல்லியிருப்ப? பொய் சொல்றவன் அதக்கூடவா யோசிச்சு வெச்சுக்க மாட்டான்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை. "போ, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"மன்னிச்சுடுக்கா. அவன்தான் அப்படிச் சொல்லச் சொன்னான்."

"அவன் சொன்னான், நீ சொன்ன. வுடுடா. உனக்கு வூடு வித்தாச்சு இல்ல?"

படியில் இறங்கும்போது புரோக்கரைக் கண்டபடி திட்டினேன். பஸ்ஸில் சில்லறை இல்லை என்று சொன்ன கண்டக்டரோடு சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்து, உப்பு அதிகம் என்று மனைவியைத் திட்டினேன். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. நடந்ததை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, இன்று வரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எப்போது போன் செய்தாலும் அக்கா, "சொல்லுங்க சார்" என்றுதான் எடுப்பாள். கேலி செய்கிறாள் என்று நானும் சிரிப்பேன். கேலிதான், முதல் இரண்டு வாரம். பிறகு அது நிற்கவில்லை, எனக்கும் நிறுத்து என்று சொல்ல வாய் வரவில்லை.

சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே காலி செய்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று வியாழக்கிழமை. நான் அனுப்பிய குட்டியானை வண்டி, பீரோவையும் கட்டிலையும் ஃபிரிட்ஜையும் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் வந்தது. அவள் வரவில்லை. சாவியைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டாளாம். போன் செய்தேன்.

"மாடி வேல நடக்குதுல்ல, சிமெண்ட்டுத் தூசி எனக்கு ஒத்துக்காது. கூட வேல பாத்த சமையலம்மா வூட்டுல கொஞ்ச நாள் இருக்கேன்."

"சரிக்கா" என்றேன்.

அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்லியிருக்கக் கூடாது. எந்தத் தம்பியாவது சொல்வானா? வண்டியை அனுப்புகிறேன், ஏறி வா என்று அதட்டியிருக்க வேண்டும். என் குரலில் ஒரு நிம்மதி இருந்ததை அவள் கேட்டிருப்பாள், நான் முட்டிபோட்டுத் தவழ்ந்த காலத்திலிருந்தே அவளுக்கு என்னைத் தெரியும். போய்ப் பார்க்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். ஒரு நாள் செங்கல் லோடு வரும், ஒரு நாள் கம்பி வளைக்க ஆள் வரும். ஒரு மாதம் ஓடிவிட்டது.

போன வாரம் சம்பந்தி வீட்டார் மாடி எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வந்தார்கள். ஹாலில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சம்பந்தியம்மாள், "உங்க அக்காவையும் இங்கயே கூட்டிக்கிட்டீங்களாமே, இந்தக் காலத்துல யாரு அப்படிச் செய்யறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் என் போன் அடித்தது. தெரியாத நம்பர். வாசலுக்கு வந்து, சிமெண்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தேன்.

"வணக்கம் சார். கடலூர் திருப்பாதிரிப்புலியூர்லேர்ந்து பேசறேன். மஞ்சக்குப்பத்துல உங்க வீட்டுல ஒரு அம்மா குடியிருந்தாங்களாம்ல? என் வீட்டுப் பின்னாடி ஒரு ரூமும் சமையக்கட்டும் இருக்கு, அதக் கேட்டு வந்திருக்காங்க. விசாரிக்கணும்னு சொன்னேன், உங்க நம்பரக் குடுத்தாங்க."

மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எப்படி சார், நல்லவங்களா?"

என் அக்கா நல்லவளா என்று ஒருவர் என்னைக் கேட்கிறார். "ரொம்ப நல்லவங்க" என்றேன்.

"வாடகையெல்லாம் ஒழுங்கா?"

"ஒரு மாசம் கூட தவறினதில்லீங்க."

"அப்ப ஏன் சார் காலி பண்ணச் சொன்னீங்க?"

"வீட்ட வித்துட்டேன்."

"ஓ, அப்படியா. இல்ல சார், தனி பொம்பள. சொந்தம்னு யாராவது உண்டாம்மான்னு கேட்டேன். யாரும் இல்லைங்கறாங்க. தம்பி தங்கச்சி கூட இல்லியாம். நாளைக்கு ஒரு ஒடம்புக்குன்னா நான் யாரக் கூப்பிடறது, சொல்லுங்க. சொந்தம் இருந்தும் சண்ட போட்டுக்கிட்டு வந்தவங்கன்னா எனக்கு வேணவே வேணாம். போன தடவ குடியிருந்தவங்க அப்படித்தான், அவுங்க அண்ணன் வாசல்ல வந்து ஒரே ரகளை. அதான் உள்ளதச் சொல்லுங்கன்னு கேட்டேன்."

மஞ்சக்குப்பத்தில் அந்த அம்மாள் கேட்டபோது தம்பி ஒருத்தன் இருக்கான் என்று சொன்னாள். அவள் காலி செய்த பிறகு ஒரு மாதம் நான் போகவில்லை. இப்போது யாரும் இல்லை என்கிறாள். கத்தி அழலாம் போல இருந்தது. ஹாலில் சம்பந்தியம்மாளின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அவுங்க பக்கத்துல இருக்காங்களா? கொஞ்சம் குடுங்களேன்" என்றேன்.

அவர் போனைத் தள்ளிப் பிடித்துப் பேசுவது கேட்டது. அக்காவின் குரலும் கேட்டது, என்ன சொன்னாள் என்று பிடிபடவில்லை. அவர் திரும்பி வந்தார்.

"பேச ஒண்ணும் இல்லையாம் சார். உங்களுக்கு வேல இருக்கும், தொந்தரவு பண்ண வேணாம்ங்கறாங்க. நல்ல மாதிரியாத்தான் தெரியறாங்க. நீங்க சொல்றத வெச்சு சாவியக் குடுத்துடலாம்னு இருக்கேன், பைய வெச்சுக்கிட்டு எதிர்லயே உக்காந்திருக்காங்க. போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்கற ஃபாரத்துல அவசரத்துக்குன்னு ஒரு ஆளு பேரு போடணும். உங்க பேரத்தான் எழுதியிருக்காங்க. என்ன ஒறவுன்னு கேட்ட எடத்துல பழைய வீட்டு ஓனர்னு எழுதியிருக்காங்க. உங்களுக்கு ஆட்சேபணை இல்லியே? வேற ஒண்ணும் இல்லியே சார்?"

அவள் என் அக்கா என்று சொல்ல வேண்டும் என்று அத்தனை நாளும் தவித்தேன். இதோ கேட்கிறார்கள். சொன்னால் அவள் பொய் சொன்னவள் ஆகிவிடுவாள், சொந்தத்தோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவள் ஆகிவிடுவாள். சாவி அவர் பைக்குள் போய்விடும். அறுபத்தைந்து வயதில் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் இன்னொரு தெருவுக்கு வீடு கேட்டு நடக்க வேண்டும்.

"இல்லீங்க. அவுங்க என் வீட்டுல வாடகைக்கு இருந்தவங்கதான்" என்றேன். "சாவியக் குடுத்துடுங்க."